பிராங்க்ஸ் சுவத்துல இருக்கிற மனுஷங்க: ஒரு பல் செட்டுக்காரனோட நாலு நாள்

நாள் 1, வியாழன் (ஏப்ரல் 20, 2023)

அக்கா வீட்டுக்கு ஜெர்சி சிட்டி வந்து பத்து நாள் ஆச்சு. சுதந்திர தேவி, டைம்ஸ் ஸ்கொயர், புரூக்ளின் பாலம் எல்லாம் ஆச்சு, மிச்சம் கால் வலிதான். "உனக்குன்னு ஏதாச்சும் பாக்கணும்னா சொல்லு மாமா"ன்னு அக்கா பையன் கேட்டான், நான் பிராங்க்ஸ் மியூசியம்னேன், நியூயார்க் சிட்டியோட வடக்குப் பக்கத்துல இருக்கிற பிராங்க்ஸ் ஏரியாவோட கலை மியூசியம். அக்கா தோசைக் கரண்டியோட அப்படியே திரும்பிப் பாத்தா. "பிராங்க்ஸா? அங்க எதுக்குடா?" 15 வருஷமா இங்க இருக்கா, ஒரு நாள் அந்தப் பக்கம் போனதில்ல, பயம் மட்டும் ரெடியா இருக்கு. நம்ம ஊர்லயும் எல்லாருக்கும் போகாத ஏரியா மேலதான பயம்.

ஏன் பிராங்க்ஸ்னா, நான் திருச்சியில சின்னதா ஒரு டென்டல் லேப் வெச்சிருக்கேன், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். டாக்டர் பேஷன்ட் வாயில ட்ரே வெச்சு அளவு எடுத்து அனுப்புவாரு, நாங்க அதுல ஸ்டோனுன்னு சொல்ற கெட்டி பிளாஸ்டர ஊத்தி மாடல் எடுத்து பல் செட்டு பண்ணுவோம். அந்த அளவு எடுக்கிற பவுடர் பேரு ஆல்ஜினேட், கடல்பாசியில இருந்து எடுக்கிறது, தண்ணி விட்டு கலக்கினா மூணு நாலு நிமிஷத்துல ஜெல்லி மாதிரி இறுகிரும். 20 வருஷமா என் கை அதுலதான் இருக்கு. அதே பவுடர வெச்சு நியூயார்க்ல ரெண்டு பேரு முழு முகத்தையும் அளவு எடுத்து, தெருக்காரங்களையே சிலையா செஞ்சு, அவங்க தெரு சுவத்துலயே மாட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சதுல இருந்து இது மனசுல கிடந்துச்சு. ஜான் அஹெர்ன், ரிகோபெர்டோ டோரஸ். அவங்க ரெண்டு பேரோட பெரிய கண்காட்சி இந்த மாசம் 30ந்தேதி வரைக்கும் அந்த மியூசியத்துல ஓடுது. விடுவனா.

ஜெர்சி சிட்டியில இருந்து மன்ஹாட்டனுக்குப் போற பாத் (PATH) ட்ரெயின்ல 33ஆம் தெரு, அங்கருந்து நடந்து டி ட்ரெயின் புடிச்சு 167ஆம் தெரு. ரெண்டுலயும் 2.75 டாலர், மனசுக்குள்ள ரூபாயா மாத்திப் பாக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருந்தேன், மாத்திட்டேன். பத்தரைக்கே போய் நின்னா கதவு சாத்தியிருக்கு, மத்தியானம் 1 மணிக்குத்தான் தொறப்பாங்களாம். பையன் நான் பாத்திருப்பேன்னு நெனச்சிருக்கான், நான் அவன் பாத்திருப்பான்னு நெனச்சேன். சரின்னு கிராண்ட் கான்கோர்ஸ் ரோட்டுலயே நடந்தோம். பாரிஸ் ரோட்ட மாதிரி வெச்சு 1909ல தொறந்த ரோடாம், ரெண்டு பக்கமும் பழைய அபார்ட்மென்ட்டு, வாசல்ல எல்லாம் டிசைன் டிசைனா வேலைப்பாடு. அக்கா சொன்ன பிராங்க்ஸ் எங்கன்னு தேடுனேன், ஒரு பாட்டி சக்கரக் கூடையில காய்கறி இழுத்துட்டுப் போனாங்க, அவ்ளோதான். ஒரு டொமினிக்கன் கடையில வாழைக்காயை வேக வெச்சு மசிச்சு மேல வதக்கின வெங்காயம் போட்டுக் குடுத்தான், நல்லா இருந்துச்சு, ஒரு ஊறுகா இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

1 மணிக்கு உள்ள போனோம், டிக்கெட் கிடையாது, இலவசம்.

இதுக்கு மேல எப்படி எழுதுறதுன்னு தெரியல. சுவரு பூரா மனுஷங்க. இடுப்பு வரைக்கும், சில பேரு முழுசா, சுவத்துல இருந்து பாதி வெளிய வந்து நிக்கிறாங்க. ஒரு அம்மா முகத்துகிட்ட போய் நின்னேன், கீழ் உதட்டுல காஞ்சு போன வெடிப்பு தெரியுது, மூக்குப் பக்கம் தோல்ல இருக்கிற சின்னச் சின்னக் குழி தெரியுது. மத்தவங்க பெயிண்ட் அழக பாத்துட்டு நகர்றாங்க, நான் காது ஓரத்துல மோல்டு கோடு எங்க வருது, புருவத்துல வாசலின் சரியா தடவினாங்களான்னு தேடிட்டு நிக்கிறேன். தொழில் புத்தி. ஏன்னா முடியில வாசலின் விடலன்னா ஆல்ஜினேட் புடிச்சுக்கும், எடுக்கும்போது உசுரு போயிரும்.

செய்முறை இதுதான். ஆள படுக்க வெப்பாங்க இல்ல சாய்ச்சு உக்கார வெப்பாங்க. மூக்குல ரெண்டு ஸ்ட்ரா, அது வழியாத்தான் மூச்சு. கண்ணு மூடணும், வாயி மூடணும். மேல ஆல்ஜினேட் ஊத்தி, அது வளையாம இருக்க மேல மாவுக்கட்டுத் துணி. உள்ள இருக்கிறவனுக்கு இருட்டு, ஈரம், வெளிய பேசுறது தூரத்துல கேக்கும். அத்தன நேரம் ஒருத்தன் கையில முகத்த குடுத்துட்டுப் படுத்திருக்கணும். என்கிட்ட வாயை மட்டும் குடுத்துட்டே ஆளுங்க சேர் கைப்பிடிய இறுக்கிப் புடிப்பாங்க.

அப்புறம் கண்ணு. அளவு எடுக்கும்போது எல்லாருக்கும் கண்ணு மூடித்தான் இருக்கும், பிளாஸ்டர்ல வர்றப்ப தூங்குற மூஞ்சி மாதிரி, சொல்லப்போனா செத்த மூஞ்சி மாதிரிதான் வரும். அதுக்கப்புறம் அஹெர்ன் கையால செதுக்கி, பெயிண்ட் வெச்சு, கண்ண தொறக்குறாரு. நம்ம ஸ்தபதிங்க கடைசியா கண் தொறப்பாங்கல்ல, எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு, பையன்கிட்ட சொன்னேன், "ஓகே மாமா"ன்னு போன பாத்தான்.

நாள் 2, வெள்ளி

பையனுக்கு மத்தியானம் வரைக்கும் காலேஜ். அதனால காலையில உக்காந்து கதைய கொஞ்சம் படிச்சேன்.

70கள்ல தெற்கு பிராங்க்ஸ் எரிஞ்சு கிடந்த ஊரு, கட்டடம் கட்டடமா தீ, சனம் காலி பண்ணிட்டுப் போச்சு. 1977ல அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் வந்து ஷார்லட் தெருவுல இடிஞ்ச செங்கலுக்கு நடுவுல நின்னாரு. அதுக்கு அடுத்த வருஷம் ஸ்டீஃபன் ஐன்ஸ்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு மூணாவது அவென்யூவுல ஒரு காலிக் கடைய புடிச்சு ஃபேஷன் மோடான்னு ஒரு கலைக்கூடம் ஆரம்பிச்சாரு. அந்தக் கடைக்குள்ள 1979ல அஹெர்ன் வந்து, ரோட்டுல போற வர்றவங்கள உக்கார வெச்சு அளவு எடுக்க ஆரம்பிச்சிருக்காரு, கண்ணாடி வழியா வேடிக்க பாக்க ஒரே கூட்டம். செஞ்ச மூஞ்சியெல்லாம் சுவத்துல மாட்டி தெற்கு பிராங்க்ஸ் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது புகழ் மண்டபம்னு பேரு வெச்சாங்க. பேப்பர்காரன் எரிஞ்ச கட்டடத்த மட்டும் படம் புடிச்சுட்டு இருந்த நேரத்துல.

அந்தக் கூட்டத்துல வந்து நின்ன பையன்தான் டோரஸ், 1960ல புவேர்ட்டோ ரிக்கோவுல பொறந்தவரு, அப்ப டீன் ஏஜ். அவரு சித்தப்பாவோ மாமாவோ, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அவருக்கு சாமி சிலை வார்க்கிற பட்டறை இருந்துச்சு. மாதா, புனிதர்ங்கன்னு பிளாஸ்டர்ல வரிசையா வார்த்து பெயிண்ட் அடிக்கிற எடம். அதனால அந்தப் பையனுக்கு மோல்டு, பிளாஸ்டர் எல்லாம் ரத்தத்துல இருந்துச்சு. ஆர்ட் காலேஜ் படிச்ச ஆளு ஒருத்தரு, பட்டறைப் பையன் ஒருத்தரு, ஜோடி சேந்தாச்சு. 1985ல டோரஸ் அந்த மாதிரி ஒரு சிலைப் பட்டறையில வேலை பாக்குற ஷார்ட்டிங்கிற ஆளையே சிலையா செஞ்சிருக்காரு. எனக்கு அஹெர்னவிட டோரஸ் மேலதான் ஒட்டுதல், ஏன்னு சொல்லணுமா. எழுதுறவங்க எல்லாம் அஹெர்ன் பேர மட்டும் முன்னாடி போட்டு இவரு பேர பின்னாடி ஒட்டுறாங்க. டாக்டர் பேரு போர்டுல இருக்கும், லேப் பேரு பில்லுல மட்டும் இருக்கும், அந்த வலி எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ஒவ்வொரு ஆளையும் ரெண்டு காப்பி எடுக்கிறது அவங்க வழக்கமாம். ஒண்ணு இவங்களுக்கு, ஒண்ணு மூஞ்சி குடுத்தவங்களுக்கு. அப்ப பிராங்க்ஸ்ல எத்தனையோ வீட்டு ஹால்ல, டிவிக்கு மேல, அந்த வீட்டு ஆளோட மூஞ்சியே தொங்கும்.

3 மணிக்கு மேல பையன் வந்தான், 2ஆம் நம்பர் ட்ரெயின்ல இன்டர்வேல் அவென்யூ. அங்க ட்ரெயின் தலைக்கு மேல ஓடுது, இரும்புப் படி எறங்கி கெல்லி தெரு. அண்ணாந்து பாத்தா செங்கல் சுவத்துல நாலு பொண்ணுங்க ஸ்கிப்பிங் ஆடுறாங்க, ரெண்டு கயிறு வெச்சு ஆடுற டபுள் டச். 1981, 82ல செஞ்சது. ஃப்ரீடா, ஜெவெட், டோவானா, ஸ்டேசின்னு அந்த நாலு பொண்ணுங்க பேரும் சிலையோட பேருலயே இருக்கு. பிளாஸ்டர் மழைக்கும் பனிக்கும் தாங்காதுன்னு இதெல்லாம் ஃபைபர்கிளாஸ்ல வார்த்திருக்காங்க. காத்துலயே நிக்குது அந்தப் பொண்ணு, கால் மடங்கி, 40 வருஷமா கீழ எறங்கல.

ரொம்ப நேரம் வாயப் பொளந்துட்டு நின்னோம் போல. ஒரு அம்மா வந்து, இந்த பில்டிங்க வாங்கப் போறீங்களான்னு சந்தேகமா கேட்டாங்க. பையன் இல்ல, மேல இருக்கிறவங்கள பாக்க வந்தோம்னான். "ஓ, தி கேர்ள்ஸ்"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. சிலைன்னோ ஆர்ட்டுன்னோ சொல்லல. பொண்ணுங்க, அவ்ளோதான்.

டாசன் தெருவுல இருக்கிற இன்னொரு சிலைக் கூட்டத்தையும் பாத்தோம், 82, 83ல செஞ்சது. அதுல எனக்கு ஒண்ணு உறைச்சுது, இந்தச் சுவத்து ஆளுங்க யாரும் நம்மள கண்டுக்கறதே இல்ல. அவங்க வேலைய அவங்க பாக்குறாங்க. போஸ் கிடையாது. நம்ம ஊரு தலைவர் சிலை எல்லாம் கைய நீட்டி நமக்கு என்னமோ சொல்லிட்டே இருக்கும்ல, அது இங்க இல்ல.

இந்த ஜோடி பிரேசில்லயும் இதே வேலைய பண்ணியிருக்கு. புருமாடின்யோங்கிற ஊருக்குப் பக்கத்துல இன்யோச்சிம் மியூசியத்துக்காக அந்த ஊரு பஸ் ஸ்டாண்டையும், 2006ல அந்த ஊரு ஊர்வலத்தையும், அந்த ஊரு ஆளுங்கள வெச்சே. அதுல அடிச்சது கார் பெயிண்ட். சரியான ஐடியா, வெயிலுக்கு அதான் நிக்கும்.

நாள் 3, சனி

இன்னைக்குப் போன எடத்துல பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல, அது தெரிஞ்சேதான் போனேன்.

ஜெரோம் அவென்யூ, 169ஆம் தெரு. 44ஆவது போலீஸ் ஸ்டேஷன். நியூயார்க்ல 1982ல ஒரு சட்டம் போட்டாங்க, சிட்டி கட்டுற கட்டடச் செலவுல 1 சதவீதம் கலைக்கு ஒதுக்கணும்னு. அந்தக் கணக்குல இந்த ஸ்டேஷன் முன்னாடி சிலை வெக்க 1986ல அஹெர்ன தேர்ந்தெடுத்தாங்க. அவரு அப்ப பக்கத்துலதான், வால்டன் அவென்யூ பக்கம் குடியிருந்தாரு, அதே தெரு சனங்களோட. தன் தெருவுல இருந்து மூணு பேர எடுத்தாரு. ரேமண்ட், தலையில ஹூட் போட்டு, டோபிங்கிற பிட்புல் நாயோட குந்தி உக்காந்திருப்பாரு. கோரி, சட்டையில்லாம, பெரிய டேப் ரெக்கார்டர், பேஸ்கட்பால். டலீஷா, காலுல ரோலர் ஸ்கேட் போட்ட சின்னப் பொண்ணு. இந்தத் தடவ சுவரு இல்ல, வெண்கலம், பீடம்.

1991 செப்டம்பர் 25ந்தேதி வெச்சாங்க. அஞ்சே நாள். அக்கம்பக்கத்துல சில பேரு, சிட்டி ஆபீஸ்லயே கறுப்பின அதிகாரிங்க ரெண்டு பேரு, எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான், எங்க சனத்துல காட்டுறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா, நாயோட நிக்கிறவனும் சட்டையில்லாதவனும்தான் கிடைச்சானா, அதுவும் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல, செஞ்சது ஒரு வெள்ளைக்காரன். அஹெர்ன் சண்டை போடல. சிட்டிகாரன் எடுக்கச் சொல்லவும் இல்ல. அவரே வந்து இறக்கி எடுத்துட்டுப் போயிட்டாரு. சர்ச் வாசல்ல நிக்கிற புனிதர்ங்க மாதிரி இந்த மூணு பேரும் தெருவுக்குக் காவலா நிப்பாங்கன்னுதான் அவரு நெனச்சது. பின்னாடி குயின்ஸ்ல ஆத்தங்கரையில இருக்கிற சாக்ரடீஸ் சிற்பப் பூங்காவுக்குப் போச்சு, அங்க யாரும் ஒண்ணும் சொல்லல.

நேத்து ராத்திரி இதப் படிக்கிறப்ப எதுத்தவங்க மேல எனக்குக் கோவம். கலைய புரிஞ்சுக்காதவங்கன்னு நெனச்சுட்டேன். இன்னைக்கு அங்க தூண் ஓரமா நின்னுட்டு இருந்தேன், மேல 4ஆம் நம்பர் ட்ரெயின் போனா பேச்சு கேக்காது, போலீஸ் கார் ஏறுமாறா நிக்குது, ஒரு அம்மா கையில பிளாஸ்டிக் ஃபைலோட ஸ்டேஷனுக்குள்ள போறாங்க, கூட ஒரு பையன், 16 வயசு இருக்கும், ஹூட் போட்டிருந்தான், வாசல்கிட்ட வந்ததும் அந்தம்மா ஒண்ணும் பேசாம கை நீட்டி அவன் ஹூட்ட கீழ தள்ளி விட்டாங்க. அவனும் தலைய சரி பண்ணிட்டு உள்ள போனான்.

நான் அதுக்கப்புறம் பையன்கிட்ட கொஞ்ச நேரம் பேசல.

என் லேப்ல ஒரு தடவ நடந்தது. ஒரு பாட்டிக்கு மேலயும் கீழயும் முழு செட்டு. அளவுல ஒரு குறை கிடையாது, கடி சரியா உக்காருது, டாக்டரும் சூப்பருன்னாரு. பாட்டி கண்ணாடியப் பாத்துட்டு செட்ட கழட்டி கையில குடுத்துட்டாங்க. "இது என் மாமியா மூஞ்சிப்பா, எனக்கு வேணாம்." டாக்டர் எங்கள திட்டுனாரு, நாங்க மாடல எடுத்துக் காட்டி அளவு கரெக்டுன்னு வாதாடுனோம். அளவு கரெக்டுதான். முன் பல்லு ரெண்டையும் கொஞ்சம் உள்ள தள்ளி, ஒண்ண லேசா கோணலா வெச்சுக் குடுத்ததும் ஒண்ணும் சொல்லாம போட்டுட்டுப் போனாங்க.

ஆனா அந்தப் பக்கமும் ஒண்ணு கொடையுது. ரேமண்ட், கோரி, டலீஷா மூணு பேரும் நிஜ ஆளுங்க, அங்கயே குடியிருந்தவங்க. தன் மூஞ்சிய நடு ரோட்டுல வெச்சு, இது நம்ம ஏரியாவுக்கு நல்ல மூஞ்சி இல்லன்னு ஊரு பேசுறத கேட்டா, அதுலயும் அந்த ஸ்கேட்டிங் பொண்ணுக்கு, எப்படி இருந்திருக்கும்? அது என்ன பண்ணுச்சு?

ரிட்டர்ன்ல பையன் கேட்டான், "அப்ப யாரு சைடு மாமா நீ?" ட்ரெயின் சத்தத்துல கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

நாள் 4, ஞாயிறு

எனக்குத் தெரியாம பையன் ஆர்ட் கடையில போய் முகத்துக்குப் போடுற ஆல்ஜினேட் ஒரு பை, மாவுக்கட்டு ரோல் நாலு, பிளாஸ்டர் எல்லாம் வாங்கிட்டு வந்துட்டான். யாரு மூஞ்சின்னு பேச்சு வந்துச்சு. அக்கா மாட்டேன்னுட்டா, தலையில எண்ணெய் வெச்சிருக்காளாம். அத்தான் சோபாவுல கிரிக்கெட் பாத்துட்டு இருந்தாரு. முடிஞ்சுது.

"எனக்கு மூச்சு முட்டும்டா." முட்டாது அத்தான், மூக்கு ஓட்டைய தொடவே மாட்டேன்னேன். ஸ்ட்ரா வெக்க எனக்கு தைரியம் வரல, அது கை பழகினவன் வேலை. புருவம், மீசை, முன் முடி எல்லாம் வாசலின அப்பினேன். ஃப்ரிட்ஜ் தண்ணியில கலக்கினா இறுக லேட் ஆகும், அதனால சில்லுத் தண்ணி. கலக்க ஏனம் இல்லாம அக்காவோட இட்லி மாவு ஏனத்த எடுத்துட்டேன், அதுக்கு வாங்கின திட்டு தனி.

முதல் தடவ வீணாப் போச்சு. பாதி இறுகுற நேரத்துல அக்கா போன்ல யார்கிட்டயோ "இங்க என் தம்பி இவருக்கு உசுரோடயே சமாதி கட்டுறான்"ன்னு சொன்னா, அத்தானுக்கு சிரிப்பு வந்துருச்சு, மீசைக்கிட்ட கிழிஞ்சு போச்சு. ரெண்டாவது தடவ அக்காவ மாடிக்கு அனுப்பிட்டு பண்ணினோம். மாவுக்கட்டு இறுகுற பத்து நிமிஷமும் அத்தான் கை என் பேன்ட்ட புடிச்சிட்டே இருந்துச்சு. பெரிய கம்பெனியில பத்துப் பேர மேய்க்கிற மனுஷன்.

ஆல்ஜினேட்ட ரொம்ப நேரம் வெச்சா காஞ்சு சுருங்கிரும், உடனே பிளாஸ்டர் ஊத்தணும். ஊத்தி, முக்கா மணி நேரம் காத்திருந்து உரிச்சேன். உரிக்கிறப்ப மோல்டு துண்டு துண்டா போயிரும், அதனால ஒரு காப்பிதான். அவங்க ரெண்டு பேரும் அந்த முதல் காப்பி மேல வேற மோல்டு போட்டுத்தான் அடுத்தது எடுப்பாங்க, அதுக்கு எங்களுக்கு நேரமும் இல்ல, சரக்கும் இல்ல.

வந்துச்சு. நெத்தியில ரெண்டு கோடு, இடது கன்னத்துல அம்மத் தழும்பு, இத்தன வருஷத்துல நான் அந்தத் தழும்ப பாத்ததே இல்ல. அக்கா எறங்கி வந்து கைய தொடச்சுட்டுப் பாத்தா. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "தூங்குறப்ப இப்படித்தான் இருப்பாரு"ன்னா. அடுத்த நிமிஷமே, "கண்ண தொறந்து விடுடா, பாக்க ஒரு மாதிரி இருக்கு."

அங்க ஆரம்பிச்சுது. பெயிண்ட் அடிச்சா கோட்டு டை போட்ட மாதிரி அடிக்கணுமாம், சிட்டிசன்ஷிப் வாங்கின அன்னைக்குப் போட்டாரே அந்த நீலக் கோட்டு. பையன் ஒரே அடியா, அப்பான்னா அந்த சாம்பல் கலர் பனியன்தான், தோள்ல ஓட்டையோட, அதான் அப்பா. "வர்றவங்க போறவங்க பாத்தா என்னடா நெனப்பாங்க?" "பாக்கட்டுமே, வீட்டுல அப்படித்தான இருக்காரு." ரெண்டு பேரும் என்னப் பாக்குறாங்க. மூஞ்சிக்குச் சொந்தக்காரரு காதோரம் வெள்ளையா ஒட்டிட்டு இருந்தத சுரண்டிட்டே "பெயிண்டே வேணாம், ஸ்கோர் என்ன?"ன்னு கேட்டாரு.

சின்னக் கத்திய எடுத்து இமைகிட்ட வெச்சேன். பல்லுன்னா அரை மில்லிமீட்டர் யோசிக்காம செதுக்குவேன். கை போகல. கத்திய கழுவி வெச்சுட்டேன்.

புதன்கிழமை ஃப்ளைட்டு, எடுத்துட்டுப் போறேன்னு கேட்டுப் பாத்தேன், அக்கா தர மாட்டேங்கிறா. ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டா. ராத்திரி தண்ணி குடிக்க வந்தவ பயந்து போயி ஒரு டவல் போட்டு மூடியிருக்கா. இத டைப் பண்ணிட்டு இருக்கேன், மணி பன்னெண்டரை, இப்பதான் பையன் வந்து டவல உருவிட்டு அவங்கப்பாவோட பழைய கண்ணாடிய அதுக்கு மாட்டி விட்டுட்டுப் போறான். கிச்சன் லைட்டு கண்ணாடியில பளபளன்னு அடிக்குது, கண்ணு மூடியிருக்கா தொறந்திருக்கான்னு இங்கருந்து பாத்தா தெரியல.